குற்றம் திருகிலா, விரலிலா?

2024 ஜூலை 28 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்று. ஆளுக்கு 22 முறை சுட்டு முடித்தபோது மனு பாக்கரின் கணக்கில் 221.7 புள்ளிகள்; தென் கொரியாவின் கிம் யே-ஜியிடம் 221.8. மனு வெண்கலத்தோடு நின்றார். கிம் தங்கத்துக்கான மோதலுக்குப் போய், கடைசியில் வெள்ளி வாங்கினார். இருவருக்கும் இடையில் 0.1 புள்ளி. அந்த இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர். மனு சுட்ட 22 குண்டுகளில் ஏதாவது ஒன்று மையத்தை நோக்கி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்து விழுந்திருந்தால்கூடக் கணக்கு சமமாகியிருக்கும்.

இந்த விளையாட்டின் அளவுகளே அப்படி. 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் அட்டையின் நடுவே 59.5 மி.மீ. அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் 10 புள்ளிக்கான வளையம் 11.5 மி.மீ.; சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. வளையத்தின் கோட்டை அது உரசினாலே உள்ளே விழுந்ததாகக் கணக்கு. ஆக, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் 10, அடுத்த 8 மி.மீ.க்குள் 9, அதற்கடுத்த 8 மி.மீ.க்குள் 8.

இதை ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்து, எந்தத் தாங்கலும் இல்லாமல், நின்றபடி சுட வேண்டும். பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. ட்ரிகர் குறைந்தது 500 கிராம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். தொட்டாலே வெடிக்கும் விசைக்கு அனுமதியில்லை. பிஸ்டலில் தொலைநோக்கி, லேசர் எதுவும் பொருத்தக் கூடாது. குறிபார்க்க இருப்பவை இரண்டே உலோகத் துண்டுகள். கைப்பிடிக்கு மேலே, நடுவில் சதுரமாகப் பள்ளம் வெட்டிய பின்சைட். குழல் முனையில், நட்டு வைத்த குச்சி போன்ற முன்சைட். பள்ளத்தின் நடுவே குச்சி தெரிய வேண்டும். இரு பக்கமும் ஒரே அகலத்தில் வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். என்.சி.சி.யில் .22 ரைஃபிளோடு தரையில் படுத்தவர்களுக்கு 'பேக்சைட்', 'ஃபோர்சைட்' என்ற பெயர்களில் இவை பழக்கப்பட்டிருக்கும்.

சுட்ட குண்டு மையத்தில் விழவில்லை என்றால் குற்றவாளி யார்? இந்த இரண்டு உலோகத் துண்டுகளா, அவற்றைப் பிடித்திருக்கும் ஆளா? துப்பாக்கிக்குப் புதியவர்கள் உடனே சைட்டின் திருகைத் திருகப் போவார்கள். பெரும்பாலும் அது தவறான இடம். ஏன் என்று புரிய, முதலில் கொஞ்சம் வடிவியல்.

ஏர் பிஸ்டலில் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இலக்கு 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. 33 செ.மீ. போல 30 மடங்கு. அதனால் பள்ளத்துக்குள் குச்சி ஒரு பக்கமாக 0.1 மி.மீ. ஒதுங்கினால், இலக்கில் குண்டு 3 மி.மீ. ஒதுங்கும். கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால் கிட்டத்தட்ட ஒரு வளையமே போய்விடும். இதற்கு நேர்மாறாக, சைட்டுகள் இரண்டும் கச்சிதமாக ஒன்றோடொன்று பொருந்தியிருக்க, கை மொத்தமும் 3 மி.மீ. வலப்பக்கம் நகர்கிறது என்று வையுங்கள். குண்டும் அதே 3 மி.மீ.தான் நகரும். பெருக்கம் ஏதும் இல்லை.

இங்கேதான் மனம் ஏமாறுகிறது. கை ஆடும்போது கறுப்பு வட்டத்துக்குக் கீழே சைட் இங்குமங்கும் அலைவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. 'ஐயோ, ஆடுகிறதே' என்று சுடுபவர் பதறுகிறார். ஆனால் அந்த ஆட்டத்துக்கு விலை குறைவு, 8 மி.மீ. ஆட்டம் வரை 10 புள்ளி பத்திரம். கண்ணில் படாத கால் மில்லிமீட்டர்க் கோணல்தான் புள்ளியைத் தின்கிறது. எவ்வளவு பெரிய வீரரின் கையும் ஆடும். ஓய்வில் இருக்கும் மனிதக் கை விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். அது நோயில்லை, தசைகளும் நரம்புகளும் வேலை செய்யும் விதமே அது. நடுக்கத்தை மருந்தால் அடக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சு, இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் பிராப்ரனலால் மருந்து உடலில் இருந்ததால், பிஸ்டலில் வாங்கிய வெள்ளி, வெண்கலம் இரண்டையும் பறிகொடுத்தார். இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் சாதாரணமாக எழுதித் தரும் அந்த வகை மருந்துக்கு இந்த விளையாட்டில் முழுத் தடை.

அந்தக் கால் மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும் என்பதுதான் ஆச்சரியம். கை நீட்டிய நிலையில் முன்சைட் கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும். அங்கே கால் மில்லிமீட்டர் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. நம் விழித்திரையின் நடுப்பகுதியில் ஒளியுணரும் செல்கள் ஏறக்குறைய அதில் பாதி இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா, ஒரு கோடு சற்று விலகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், அந்தச் செல்களின் இடைவெளியைவிடப் பல மடங்கு நுண்ணிய விலகலைக்கூட மனிதக் கண் கண்டுபிடித்துவிடும். ஒரு செல் தனியாகச் செய்யும் வேலையில்லை இது. பல செல்களின் செய்தியை மூளை சேர்த்துக் கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு. வெர்னியர் அளவுகோலில் கோட்டோடு கோடு பொருத்திப் பார்த்திருப்பவர்கள் அந்தத் திறமையை அறியாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். குச்சியின் இரு பக்கமும் வெளிச்சக் கீற்று சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே திறமைதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. முன்சைட் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணின் லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவியும். பின்சைட் முக்கால் மீட்டருக்குள், முன்சைட் ஒரு மீட்டரில், இலக்கு பத்து மீட்டருக்கு அப்பால். மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரிய வழியே இல்லை. எதையாவது மங்கலாக விட்டுத்தான் ஆக வேண்டும். விட வேண்டியது இலக்கை. இது மனதுக்கு ஒவ்வாத காரியம். சுட வேண்டியதைப் பார்க்காமல், கையில் இருக்கும் இரும்புத் துண்டின் முனையைப் பார்த்துக்கொண்டே சுடு என்றால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது? 'எங்கே விழப்போகிறது பார்ப்போம்' என்ற ஆவலில் கண் கடைசி நொடியில் இலக்குக்குத் தாவும். அந்தத் தாவலில் குச்சி மங்கும், கீற்றுகளின் சமநிலை குலைவது தெரியாமல் போகும், குண்டு 8-இல் விழும். சைட் நல்லபடியாகத்தான் இருக்கிறது!

பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உலகமே பார்த்த இரண்டு படங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். கிம் யே-ஜி, ஏதோ எதிர்காலத்திலிருந்து வந்தவர்போல, ஒரு கண்ணுக்கு மறைப்பும் மறு கண்ணுக்குத் தனி லென்ஸும் மாட்டியிருந்தார். இத்தகைய கண்ணாடியில் கண்ணுக்கு முன் உள்ள துளையைச் சுருக்கினால் தெளிவாகத் தெரியும் தூரத்தின் எல்லை விரியும், கேமராவில் போலவே. துருக்கியின் யூசுஃப் டிகெச்சோ சாதாரணக் கண்ணாடியோடு, இரு கண்களையும் திறந்து, இடக்கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டார். கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி. கருவி உதவும், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு அது கட்டாயமில்லை. பையில் விட்ட கை மட்டும் அலங்காரமில்லை. சும்மா தொங்கும் கை உடலை அசைக்கும் என்பதால் பிஸ்டல்காரர்கள் எல்லோருமே அதை எங்காவது கட்டிப்போடுவார்கள்.

சரி, சைட்டுக்கு வருவோம். திருகு எதற்கு இருக்கிறது? முதல் காரணம் புவியீர்ப்பு. ஏர் பிஸ்டலின் பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 10 மீட்டரைக் கடக்க 0.067 விநாடி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் அந்தப் பயணத்திலேயே அது 2 செ.மீ.க்கு மேல் கீழே விழுகிறது. குழலை மையத்துக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்தால் அதிகபட்சம் 8 புள்ளிதான். எனவே குழல் எப்போதும் ஒரு துளி மேல்நோக்கியே இருக்க வேண்டும். பின்சைட்டின் உயரம் அந்தத் துளியைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரணம், வீரர்கள் மையத்தைக் குறிபார்ப்பதே இல்லை. கறுப்பு வட்டத்தின் மேல் கறுப்புக் குச்சியை வைத்தால் குச்சியின் விளிம்பு எங்கே என்று தெரியாது. அதனால் வட்டத்துக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை இடைவெளி விட்டு, அந்த வெள்ளையில் குறி வைக்கிறார்கள். பார்ப்பது ஓரிடம், குண்டு போக வேண்டியது அதற்கு 3 செ.மீ.க்கும் மேலே வேறோர் இடம். எவ்வளவு வெள்ளை விடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் சரிசெய்த பிஸ்டலை இன்னொருவர் எடுத்துச் சுட்டால் மையம் தவறுவதற்கு இது ஒன்றே போதும். கடன் வாங்கிய பிஸ்டலில் சுட்டுவிட்டு 'சைட் சரியில்லை' என்று சொல்வது நியாயமே இல்லை.

திருப்பும் திசையில் குழப்பம் வரும். விதி எளியது: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்சைட்டை அந்தப் பக்கம் நகர்த்து. குண்டுகள் வலப்பக்கம் விழுகின்றனவா, பின்சைட்டை இடப்பக்கம் நகர்த்து. பள்ளம் இடப்பக்கம் போனதும், குச்சியை மறுபடி அதன் நடுவில் கொண்டுவரக் கை தானாகவே குழலை இடப்பக்கம் திருப்பும். முன்சைட்டுக்கு எல்லாமே தலைகீழ். திருகு இல்லாத பழைய பிஸ்டல்களில் குண்டு தாழ்வாக விழுந்தால் முன்சைட்டின் தலையை அரத்தால் அராவுவார்கள். குச்சி குட்டையானால் குண்டு உயரும். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், ஐந்து இழுப்புக்கு ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதைவிடக் கடினமான கேள்வி, எப்போது திருப்புவது என்பது. இங்கே கணிதம் ஒரு விசித்திரமான பதிலைத் தருகிறது.

ஒருவரின் சைட் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. கை நடுக்கத்தால் குண்டுகள் மையத்தைச் சுற்றிச் சிதறுகின்றன. அவர் பொறுமையில்லாதவர். ஒரு குண்டு 6 மி.மீ. வலப்பக்கம் விழுந்ததும், அடுத்தது இலக்கில் 6 மி.மீ. இடப்பக்கம் தள்ளி விழும்படி சைட்டை மாற்றுகிறார். அடுத்தது இடப்பக்கம் விழுகிறது. உடனே வலப்பக்கம் மாற்றுகிறார். அக்கறையோடுதான் செய்கிறார். ஆனால் ஒவ்வொரு குண்டிலும் இப்போது இரண்டு பிழைகள் சேர்கின்றன: அந்தக் குண்டின் சொந்த நடுக்கம், போன குண்டின் நடுக்கத்தைச் 'சரிசெய்த' பிழை. சைட்டைத் தொடாமலே இருந்திருந்தால் இருந்திருக்கும் சிதறலைவிட அவருடைய சிதறல் 1.4 மடங்கு ஆகிவிடும். அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங், ஒரு புனல் வழியாகக் கோலிக்குண்டுகளை மேசையில் உள்ள குறிமேல் விழவைத்து இதைத் தம் கருத்தரங்குகளில் காட்டுவார். ஒவ்வொரு குண்டு விழுந்ததும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால், நகர்த்தாமல் விட்டதைவிட மேசையில் புள்ளிகள் அதிகமாகச் சிதறும். தொழிற்சாலை இயந்திரங்களை ஓயாமல் திருகிக்கொண்டிருந்த மேலாளர்களுக்காகச் செய்த செயல்விளக்கம் அது. துப்பாக்கிக்காரர்களுக்கு இன்னும் பொருத்தம்.

அதனால்தான் ஒரு குண்டை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று பயிற்சியாளர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். ஐந்து குண்டு சுடு. அவை ஒரு கொத்தாக விழுகின்றனவா பார். இதற்குப் பெயர் குரூப்பிங். கொத்து இறுக்கமாகவும், ஆனால் மையத்துக்கு வெளியேயும் இருந்தால் கை நன்றாக வேலை செய்கிறது, சைட்டில் பிழை. கொத்தின் நடுவை அளந்து அந்தத் தூரத்துக்குத் திருகை மாற்று. குண்டுகள் சிதறிக் கிடந்தால் திருகைத் தொடாதே. சிதறலைச் சரிசெய்யும் திருகு எந்தத் துப்பாக்கியிலும் இல்லை.

குண்டு குறைவு, நேரம் குறைவு என்றால்? அமெரிக்க ராணுவத்தின் ஏவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபிராங்க் கிரப்ஸ் 1954-இல் இதற்குப் பொருந்தும் ஓர் அழகான வழி சொன்னார். முதல் குண்டின் விலகல் முழுவதையும் திருத்து. இரண்டாவது குண்டின் விலகலில் பாதியை மட்டும் திருத்து. மூன்றாவதில் மூன்றில் ஒன்று, நான்காவதில் நான்கில் ஒன்று. முதல் குண்டு 12 மி.மீ. வலப்பக்கமா, 12 இடப்பக்கம் மாற்று. அடுத்தது 6 மி.மீ. இடப்பக்கமா, 3 மட்டும் வலப்பக்கம். இப்படிச் செய்துகொண்டே போனால், சுட்ட அத்தனை குண்டுகளின் சராசரியையும் எடுத்துத் திருத்தியதற்குச் சமமாக முடியும். அனுபவம் கூடக்கூடப் புதிய செய்தி ஒவ்வொன்றுக்கும் குறைவாக அசைந்துகொடுப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

துணிந்து திருக வேண்டிய நேரமும் உண்டு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக்காகச் சுட்டபோது, குண்டு மையத்தை விட்டு வெகுதூரம் போய் விழுந்தது. அவருடைய தரத்தில் இருப்பவரின் கை அவ்வளவு தூரம் தவறாது. சைட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று முடிவுசெய்து, இருந்த சில நிமிடங்களுக்குள் பெரிய திருத்தம் செய்தார். கடைசிக் குண்டு 10.8. ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர்த் தங்கம் அப்படித்தான் வந்தது. தன் சிதறல் எவ்வளவு என்று தெரிந்தவருக்குத்தான், ஒரு விலகல் அதற்குள் அடங்குகிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

இனி விரல். வலக்கையால் சுடும் புதியவர்களின் குண்டுகள் அடிக்கடி இடப்பக்கம் தாழ்வாக விழும். காரணம் ட்ரிகரை அழுத்தாமல் பிடுங்குவது. 'இதோ, இப்போது நேராக இருக்கிறது, சுடு' என்று மனம் கட்டளையிட, சுட்டுவிரலோடு சேர்ந்து மற்ற விரல்களும் ஒன்றாக இறுகுகின்றன. முன்னங்கை கீழே குனிகிறது. இடக்கைக்காரர்களுக்கு இதே தவறு வலப்பக்கம் காட்டும். கையெறிகுண்டு விபத்தில் வலக்கை சிதைந்துபோக, இடக்கையால் சுடக் கற்று, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்ற ஹங்கேரியின் கரோலி தகாச் இந்தப் பாடம் முழுவதையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் மறுபடி படித்திருக்க வேண்டும்.

இன்ன இடத்தில் விழுந்தால் இன்ன தவறு என்று வட்டத்தைக் கூறுபோட்டுக் காட்டும் படங்கள் பயிற்சிக் கூடங்களின் சுவரில் தொங்கும். எனக்கு அவற்றின் மேல் முழு நம்பிக்கை இல்லை. ஒற்றைக் கையால் சுடுபவர்களுக்காக வரையப்பட்டவை அவை. இரு கையால் பிடிப்பவருக்குப் பாதி பொருந்தாது. தவிர, கோணலான சைட்டும் கோணலான விரலும் ஒரே இடத்தில் குண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஓட்டையைப் பார்த்துக் காரணம் சொல்வது அரைகுறை ஜோசியம்.

அதைவிட நல்ல சோதனை, குண்டே போடாமல் சுடுவது. வெற்றுச் சுவரைப் பார்த்துப் பிஸ்டலை உயர்த்தி, முன்சைட்டின் முனையை மட்டும் கவனித்தபடி ட்ரிகரை அழுத்த வேண்டும். 'டிக்' என்று விழும் கணத்தில் குச்சி பள்ளத்துக்குள் அசையாமல் நின்றால் விரல் சுத்தம். துள்ளினால், துள்ளிய திசையே பதில். இலக்கு இல்லை, புள்ளி இல்லை, ஆவல் இல்லை. கண் தாவ இடமே இல்லை. உலகத் தரத்து வீரர்கள் உண்மையான குண்டுகளோடு இந்த வெற்றுச் சுடுதலையும் விடாமல் பழகுகிறார்கள்.

நிற்கும் நிலையும் குண்டைத் தள்ளும். கண்களை மூடிக் கையை உயர்த்தி, உடலைத் தளரவிட்டுக் கண்ணைத் திறந்தால் பிஸ்டல் இலக்குக்கு இடப்பக்கம் காட்டுகிறதா? மணிக்கட்டால் திருப்பக் கூடாது. பின்காலைச் சற்று நகர்த்த வேண்டும். மணிக்கட்டால் இழுத்துப் பிடித்தால், ட்ரிகர் விழும் கணத்தில் தசை தளர்ந்து பழைய இடத்துக்கே திரும்பும். கைப்பிடிக்கும் இதில் பங்கு உண்டு. போட்டிப் பிஸ்டல்களின் மரப் பிடியை வீரர்கள் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கி, இடைவெளிகளில் மரப்புட்டி பூசி அடைப்பார்கள். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில், அதே அழுத்தத்தில் போய் உட்கார வேண்டும் என்பதற்காக. பிடி ஒரு மில்லிமீட்டர் மாறினால் மணிக்கட்டின் கோணம் மாறும்; சைட்டைப் பொருத்த மணிக்கட்டை முறுக்க வேண்டிவரும்; அப்புறம் எல்லாம் மேலே சொன்ன கதைதான்.

போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் சோதனைக்குச் சுடவும் 15 நிமிடம். திருகுக்கான நேரம் அந்தப் பதினைந்துதான். அதன் பிறகும் வெளிச்சம் மாறியதாலோ கை சோர்ந்ததாலோ கொத்து மொத்தமாக நகர்ந்தால் திருகை ஒன்றிரண்டு கிளிக் திருப்புவார்கள். தனிக் குண்டுக்காகத் திருப்ப மாட்டார்கள்.

உங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ முதல்முறையாக ஒரு பிஸ்டல் கையில் கிடைத்தால், குண்டு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் முனை எப்போதும் இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். திருகாணிச் சாவியைப் பயிற்சியாளரிடமே விட்டுவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு உங்களுக்கு அது தேவைப்படாது.